போனில் கேம்: கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

பாளையங்கோட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் காத்திருக்கும் பிள்ளைகள், அவர்களைக் கூட்டி வரும் பெற்றோர், சாயங்காலம் வந்து உட்காரும் பெரியவர்கள் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. நானும் பட்டன் போன் காலத்திலிருந்து போனில் ஆடி வருகிறவன். இதுவரை வாய்வழியாகச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

போன்ல ஆடுறதெல்லாம் ஒரு கேமா அண்ணாச்சி? கம்ப்யூட்டர்ல, பிளேஸ்டேஷன்ல ஆடுறதுதானே கேம்?

கேம்தான். எங்கள் தெருவில் பிளேஸ்டேஷன் இருக்கும் வீடு ஒன்றோ இரண்டோ. போன் இல்லாத வீடு கிடையாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பாவின் போன்தான் முதல் கேம் மெஷின் ஆனது. பஸ்ஸுக்கு நிற்கும் பத்து நிமிடத்தில் எடுத்து ஆடி, பஸ் வந்ததும் பையில் போட்டுக்கொள்ளலாம். அந்த வசதி டிவியில் மாட்டி ஆடும் மெஷினில் இல்லை.

ஆனால் எல்லா கேமும் போனில் ஒன்றுபோலப் பொருந்தாது. தொடுதிரைக் கண்ணாடிக்கென்றே பிறந்த கேம் உண்டு. பட்டனுக்காகப் பிறந்து, பிறகு கண்ணாடிக்குக் குடிவந்த கேமும் உண்டு. முதல் வகையில் கை தானாக ஓடும். இரண்டாம் வகையில் கை மல்லுக்கட்டும். கீழே வரும் கேள்விகளில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தில்தான் வந்து நிற்கும்.

பழைய நோக்கியாவுல பாம்பு ஆடுனப்போ கை தப்புனதே இல்ல. இப்ப இவ்ளோ பெரிய ஸ்கிரீன் இருந்தும் ஏன் தப்புது?

அந்தப் பாம்பு 1997-இல் நோக்கியா 6110 போனில் வந்தது. 2, 4, 6, 8 நான்கும் நான்கு திசை. நடுவில் 5-ஆம் எண் பட்டனில் கடுகு அளவுக்கு ஒரு புடைப்பு இருக்கும். கட்டைவிரல் அந்தப் புடைப்பைத் தடவியே தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். கண் முழுக்கப் பாம்பின் மேலேயே இருக்கலாம். அழுத்தினால் பட்டன் உள்ளே இறங்கும், விட்டால் மேலே வரும். இரண்டும் விரலுக்கே தெரிந்தது.

தொடுதிரையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஜாய்ஸ்டிக் என்று வரைந்திருக்கும் வட்டமும் அதன் பக்கத்து வெற்றிடமும் விரலுக்கு ஒரே வழவழப்புதான். விரல் அரை சென்டிமீட்டர் நழுவினாலும் விரலுக்குத் தெரியாது. ஓடிக்கொண்டிருந்த ஆள் நின்று அடி வாங்கிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அதிர்வு வைத்திருக்கிறார்களே என்பீர்கள். அதிர்வு, தொட்ட பிறகு 'தொட்டுவிட்டாய்' என்று சொல்லும். பட்டனின் விளிம்பு, அழுத்துவதற்கு முன்பே 'இங்கேதான் இருக்கிறாய்' என்று சொல்லும். இந்த முன்பும் பின்பும்தான் எல்லாம்.

இன்னொன்று, பழைய போனில் விரல் திரைக்குக் கீழே இருந்தது. இப்போது இரண்டு கட்டைவிரலும் திரையின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. மூலையில் எதிரி வருவதை நம் விரலே மறைத்துக்கொள்கிறது. திரை பெரிதாகியும் பிரயோசனமில்லாமல் போவது இதனால்தான்.

அப்போ டச்சுக்குன்னே பொருந்துற கேம் எது? பேரைச் சொல்லுங்க.

ஆங்ரி பேர்ட்ஸில் தொடங்கலாம். பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் 2009 டிசம்பரில் வெளியிட்டது. உண்டிவில்லின் ரப்பரைப் பின்னால் இழுத்து, கோணம் பார்த்து, விட வேண்டும். ஊரில் மாங்காய் அடித்த கைக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2010-இல் வந்த ஃப்ரூட் நிஞ்சாவில் பழத்தின் குறுக்கே விரலை இழுத்தால் பழம் இரண்டாகிறது. அதே வருடத்து கட் தி ரோப்பில் கயிற்றை விரலால் அறுக்க வேண்டும். மானுமென்ட் வேலி 2014-இல் வந்தது. கோபுரத்தையே விரலால் திருகி வழி உண்டாக்குவோம். அதை நிதானமாக ஆடும்போது கண்ணாடிக்குக் கீழே நிஜமாகவே ஒரு சக்கரம் சுற்றுவதுபோல இருக்கும். போனில் அந்தச் சுகத்தைக் கொடுத்த கேம் எனக்கு அது ஒன்றுதான்.

இவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். எதிலும் வரைந்து வைத்த பட்டன் இல்லை. எந்தப் பொருளை அசைக்க வேண்டுமோ அதையே தொடுகிறோம். 2048 கேமில் தொட வேண்டிய பொருள்கூட இல்லை, திரையின் எந்த மூலையில் தள்ளினாலும் கட்டங்கள் நகரும். இத்தாலியைச் சேர்ந்த கேப்ரியேலே சிருல்லி 2014 மார்ச்சில் ஒரு வார இறுதியில் செய்து வெளியிட்ட கேம் அது.

கேரம் ஆடுகிறவர்கள் போன் கேரமை ஏற்றுக்கொள்வதில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பவுடர் போட்ட பலகையில் ஸ்ட்ரைக்கரை நகத்தால் சுண்டும் வேகம் கண்ணாடியில் வராது, அங்கே இழுத்து விடுவதுதான். ஆனால் வெளியூரில் இருக்கும் தம்பியோடு ராத்திரி ஒரு ஆட்டம் போட அது போதும்.

டெம்பிள் ரன் மாதிரி ஓடிக்கிட்டே இருக்கிற கேம் ஏன் இவ்ளோ வந்துச்சு?

கண்ணாடியில் கஷ்டமானது ஆளை நடத்துவதுதான். அந்த வேலையைக் கேமே எடுத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. 2011-இல் டெம்பிள் ரன்னும் 2012-இல் சப்வே சர்ஃபர்ஸும் அதைத்தான் செய்தன. ஆள் தானாக ஓடுவான். நாம் இடம், வலம், மேல், கீழ் என்று விரலைத் தள்ளினால் போதும், எந்த இடத்தில் தள்ளினாலும் சரி. மரியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டனிலேயே வளர்ந்த கேம். நிண்டெண்டோ 2016 டிசம்பரில் அதை ஐபோனுக்குக் கொண்டுவந்தபோது மரியோவைத் தானாக ஓடவிட்டு, குதிப்பதை மட்டும் நம் விரலுக்குக் கொடுத்தார்கள். ஒரு கையால் ஆடலாம், இன்னொரு கையில் டீ டம்ளர் இருக்கலாம்.

விரல் வியர்த்தா ஸ்கிரீன் கிறுக்கு பிடிச்ச மாதிரி ஆகுதே?

கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவற்றில் மிகச் சின்ன மின்னூட்டம் இருக்கும். விரல் மேலே வரும்போது அந்த இடத்தில் மின்னூட்டம் கொஞ்சம் மாறும். எந்தக் குறுக்குச் சந்தில் மாறியது என்று ஒரு சிப் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். பேனா மூடியால் தொட்டால் வேலை செய்யாததும் இதனால்தான், மூடி மின்சாரத்தைக் கடத்தாது. வியர்வை கடத்தும். உப்புத் தண்ணீர் ஆயிற்றே. விரல் எங்கே முடிகிறது, ஈரம் எங்கே தொடங்குகிறது என்று சிப்புக்குப் புரியாமல் போய்விடும்.

கடையில் இதைக் காட்டியே விடுவேன். ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்கில் இருக்கும் 'பில்ட் நம்பரை' ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன் திறக்கும். அதில் 'பாயிண்டர் லொகேஷன்' என்பதை ஆன் செய்தால் விரல் போன பாதையெல்லாம் திரையில் கோடாக விழும். காய்ந்த விரலால் இழுத்தால் ஒரே நேர்க்கோடு. விரலைத் தண்ணீரில் நனைத்துவிட்டு இழுத்தால் கோடு நடுவில் அறுந்து, கொஞ்சம் தள்ளி வேறொரு கோடாகப் பிறக்கும். ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால், சில போன்களில் சொட்டை நோக்கியே கோடு தாவும். ஆட்டத்தில் உங்கள் ஆள் திடீரென்று வேறு பக்கம் திரும்புவது இந்தத் தாவல்தான்.

இதற்கு மூன்று வழி. கையைத் துடைத்துவிட்டு ஆடுவது. கட்டைவிரலுக்குத் துணி உறை போட்டுக்கொள்வது. அதில் மின்சாரம் கடத்தும் நூல் பின்னியிருப்பதால் டச் எடுக்கும், வியர்வையைத் துணி குடித்துவிடும். மூன்றாவது, பிள்ளைகள் செய்கிற பவுடர் வைத்தியம். அதில் பலன் இருக்கிறது, ஆனால் துளியூண்டு தொட்டு விரலில் நன்றாகத் தேய்த்துவிட்டு ஆடுங்கள். ஸ்பீக்கர் ஓட்டையில் அடைத்துக்கொண்ட பவுடரை ஊசியால் எடுத்த போன்கள் நிறைய.

சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடும்போது துப்பாக்கி தானாவே சுடுது. போன்ல பேயா?

சார்ஜர்தான். மேலே சொன்ன அந்தச் சின்ன மின்னூட்ட மாற்றத்தைத்தான் சிப் தேடிக்கொண்டிருக்கிறது. மட்டமான சார்ஜர் போனுக்குள் அனுப்பும் மின்சாரம் சுத்தமாக இருக்காது, இரைச்சலும் கூடவே வரும். சிப் அந்த இரைச்சலையே விரல் என்று எடுத்துக்கொள்ளும். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பிரச்சினை போய்விட்டால் போனில் குறையில்லை, சார்ஜரை மாற்றினால் போதும். கழற்றிய பிறகும் தானாகச் சுட்டால் டிஸ்ப்ளேயைச் சோதிக்க வேண்டும்.

டிஸ்ப்ளே மாத்துனதுல இருந்து கேம்ல டச் சரியில்ல. வாட்ஸ்அப்ல நல்லாத்தானே இருக்கு?

இப்போது பெரும்பாலும் டச்சும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த காம்போவாகத்தான் மாற்றுகிறோம். ஒரிஜினல் விலை அதிகம். காப்பி காம்போ பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். வித்தியாசம் நிறத்தில் மட்டும் இல்லை. டச் எத்தனை வேகமாகக் கேட்கிறது, ஒரே நேரத்தில் எத்தனை விரலைப் பிரித்துப் பார்க்கிறது என்பதிலும் காப்பி பின்தங்கும். வாட்ஸ்அப்புக்கு ஒரு விரல் போதும், மெதுவாகத் தட்டினாலும் போதும். அதனால் அங்கே தெரியாது. மூன்று விரல் ஒன்றாக வேலை செய்யும் ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

என் முதல் வருடங்களில் ஒரு பையனுக்கு இதைச் சொல்லாமலே காப்பி போட்டுக் கொடுத்தேன். அவன் மறுநாள் வந்து நின்ற முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போதெல்லாம் முதலிலேயே "கேம் ஆடுவியா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் விலையே சொல்கிறேன். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும், அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மாற்றிய கையோடு பாயிண்டர் லொகேஷனைப் போட்டு, திரை முழுக்க நெருக்கமாகக் கோடு இழுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஜாய்ஸ்டிக் விரலை விட்டு நழுவிக்கிட்டே இருக்கு. என்ன செட்டிங் வைக்கணும்?

பதினைந்து நிமிட ஆட்டத்தில் இடது கட்டைவிரலைக் கவனியுங்கள். முதலில் வட்டத்தின் நடுவில் இருக்கும். 'முன்னால் போ' என்று தள்ளித் தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிவிடும். ஒரு கட்டத்தில் வட்டத்தின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது பின்னால் இழுத்தால், விரல் நடுப்புள்ளியைத் தாண்டவே நேரமாகிறது. ஆள் திரும்ப மாட்டான். நிஜ ஜாய்ஸ்டிக்கில் ஸ்பிரிங் விரலை நடுவுக்கே தள்ளிக்கொண்டிருக்கும், கண்ணாடியில் அந்தத் தள்ளல் இல்லை.

பல கேம்களில் ஜாய்ஸ்டிக்கை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கலாம், அல்லது விரல் முதலில் தொட்ட இடமே நடுவாகும்படி மிதக்க விடலாம். புதிதாக ஆடுகிறவர்களுக்கு மிதப்பதையே சொல்வேன். நழுவியது தெரிந்தால் ஒரு நொடி விரலை எடுத்துத் திரும்ப வைத்தால் போதும், நடுவும் கூடவே வந்துவிடும். பட்டன்களின் அளவு, இடம், வெளிர்ப்பு எல்லாம் மாற்றும் பக்கம் இருந்தால் ஒரு அரை மணி நேரம் அதிலேயே செலவழியுங்கள். போனை ஆடும்போது பிடிப்பதுபோலப் பிடித்து, கண்ணை மூடி, கட்டைவிரல் இயல்பாக விழும் இடத்தில் வைத்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். சுடும் பட்டன் அங்கேதான் இருக்க வேண்டும். மற்றவர் அமைப்பை அப்படியே காப்பி அடிக்காதீர்கள், அவர் கை வேறு, அவர் போனின் அகலம் வேறு. ஒருமுறை அமைத்த பின் வாரத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டும் இருக்காதீர்கள். விளிம்பு இல்லாத இடத்தில் விரலுக்கு இருக்கிற ஒரே துணை பழக்கம்தான்.

பெரிய பிளேயரெல்லாம் நாலு விரல்ல ஆடுறாங்களே, நானும் கத்துக்கணுமா?

இரண்டு கட்டைவிரலில் ஆடும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. வலது விரல் குறிபார்க்கவும் வேண்டும், சுடவும் வேண்டும். சுட எடுத்தால் குறி நின்றுவிடும். நாலு விரல் பிடியில் இரண்டு ஆள்காட்டி விரலும் மேல் ஓரத்தில் வளைந்து வந்து சுடுவதையும் குனிவதையும் பார்த்துக்கொள்ளும், கட்டைவிரல்கள் ஓடவும் குறிபார்க்கவும் மட்டும். பலன் உண்மையானது. ஆனால் முதல் இரண்டு வாரம் முன்னைவிட மோசமாக ஆடுவீர்கள், கை வலிக்கும். நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவருக்கு இது தேவையே இல்லை. மூன்று விரலில் நிறுத்திக்கொண்டு, இடது ஆள்காட்டி விரலுக்குச் சுடும் வேலையை மட்டும் கொடுத்துப் பாருங்கள், பாதிப் பலன் அதிலேயே வந்துவிடும்.

கைரோ, கைரோங்கிறாங்களே, அது என்ன?

போன் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று உணரும் ஒரு சின்ன சென்சார். அதை ஆன் செய்தால் போனை லேசாகச் சாய்த்தே குறியைத் திருத்தலாம். தொடுதிரை துப்பாக்கி ஆட்டங்களில் இதைவிட நல்ல விஷயம் எனக்குத் தெரியவில்லை. விரல் மழுங்கலான கருவி, மணிக்கட்டு அதைவிட நுணுக்கமானது. தூரத்து எதிரிக்குப் பெரிய திருப்பத்தை விரலால் செய்துவிட்டு, கடைசி மயிரிழையைச் சாய்த்துச் சரிசெய்ய வேண்டும். பழக ஒரு வாரம் ஆகும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் இந்த சென்சாரே இருக்காது. வாங்குவதற்கு முன் சென்சார் பட்டியலில் கைரோஸ்கோப் என்று இருக்கிறதா பாருங்கள்.

90 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ், டச் சாம்பிளிங் 240... எதைப் பார்த்து வாங்குறது?

இரண்டும் வேறு வேறு. முதலாவது, திரை நொடிக்கு எத்தனை தடவை படம் மாற்றுகிறது என்பது. 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட், 120 என்றால் 8.3. இரண்டாவது, டச் சிப் நொடிக்கு எத்தனை தடவை விரலைத் தேடுகிறது என்பது. 240 என்றால் ஏறக்குறைய 4 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. இரண்டும் கூடினால் விரலுக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் குறையும்.

ஆனால் உங்கள் போனில் அந்தக் கேம் நொடிக்கு எத்தனை ஃபிரேமில், அதாவது எத்தனை படத்தில், ஓட அனுமதிக்கிறது என்று முதலில் பாருங்கள். கேம் 60-இல் நின்றால் 120 ஹெர்ட்ஸ் திரையாலும் அறுபது படத்தைத்தான் காட்ட முடியும். பட்ஜெட் குறைவு என்றால் இந்த எண்களைவிட ப்ராசஸருக்கும், அடுத்த கேள்வியில் வரும் சூட்டுக்கும் காசைப் போடுங்கள்.

முதல் பத்து நிமிஷம் வெண்ணெய் மாதிரி ஓடுது, அப்புறம் திக்குது. போன் பழுதா?

பழுதில்லை. போனுக்குள் பெரும்பாலும் ஃபேன் கிடையாது. சூடு ஒரு அளவைத் தாண்டினால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் ஊர் மே மாதத்தில் அந்த அளவு சீக்கிரமே வந்துவிடும். கவரைக் கழற்றுங்கள், கிராபிக்ஸை ஒரு படி குறையுங்கள், சார்ஜ் போட்டபடி ஆடாதீர்கள், ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் போனுக்குள்ளேயே துளியாகப் படியும். அப்படி வந்த இரண்டு போனில் ஒன்றை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

பாதி ஆட்டத்துல போன் கால் வந்துடுது, இல்லன்னா பேக் போயிடுது.

கேம் மோடு என்று இப்போது பல போன்களில் இருக்கிறது. அதில் அழைப்பைச் சின்னப் பட்டையாக மட்டும் காட்டவும், மேலிருந்து நோட்டிபிகேஷன் இறங்காமல் தடுக்கவும் வழி உண்டு. ஓரத்திலிருந்து தள்ளினால் பின்னால் போகும் பழக்கம் ஆண்ட்ராய்டில் 2019-இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து பரவியது. ஜாய்ஸ்டிக் ஓரத்தில் இருப்பவர்களுக்கு அது தொல்லை. ஆடும் நேரத்துக்குப் பழைய மூன்று பட்டன் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ப்ளூடூத் கன்ட்ரோலர் வாங்கினா எல்லாம் சரியாயிடுமா?

கேமைப் பொறுத்தது. மைன்கிராஃப்ட், ஸ்டார்ட்யூ வேலி, டெட் செல்ஸ் மாதிரி பட்டனுக்காகப் பிறந்தவை கன்ட்ரோலரை நேராக ஏற்றுக்கொள்ளும். மாட்டியதும் அதே கேமா என்று தோன்றும். ஐபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களையே இணைக்கலாம்.

எதிரே ஆள் இருக்கும் ஆட்டத்தில் விஷயம் வேறு. பட்டன் வைத்திருப்பவனுக்குக் கண்ணாடியில் ஆடுகிறவன் ஈடு கிடையாது. அதனால் கால் ஆஃப் டியூட்டி மொபைல், கன்ட்ரோலர்காரர்களைக் கன்ட்ரோலர்காரர்களோடு சேர்க்கிறது. கன்ட்ரோலரை ஏற்காத கேமில், பட்டன் அழுத்தினால் திரையில் தொட்டதுபோல ஏமாற்றும் ஆப்கள் உண்டு. அவற்றைப் போட்டால் கணக்கே முடக்கப்படலாம். அது நியாயம்தான் என்பது என் கருத்து. எல்லோரும் வழுக்கும் கண்ணாடியில் மல்லுக்கட்டும்போது ஒருவன் மட்டும் பட்டனோடு வருவது சரியில்லை.

கட்டைவிரல் அடியில, மணிக்கட்டு பக்கம் வலிக்குது. கேமாலயா?

இருக்கலாம். கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. ஒரே அசைவை மணிக்கணக்கில் செய்தால் அங்கே வீங்கி வலிக்கும். கண்ணாடி நாம் அழுத்துவதை உணராது, தொடுவதை மட்டும்தான் உணரும். ஆனாலும் பதற்றத்தில் எல்லோரும் அழுத்துகிறோம். அந்த அழுத்தமெல்லாம் வீண். லேசாகத் தொட்டுப் பழகுங்கள், அரை மணிக்கு ஒருமுறை கையை உதறுங்கள், போனைத் தலையணை மேல் வைத்து எடையை இறக்குங்கள். சில நாள் ஆடாமல் இருந்தும் வலி போகவில்லை என்றால் எலும்பு டாக்டரைப் பாருங்கள், தைலத்தோடு நிறுத்த வேண்டாம்.

கேம் இலவசம்னுதானே சொன்னாங்க? என் பையன் மூவாயிரம் ரூபாய்க்கு என்னமோ வாங்கி வச்சிருக்கான் சார்.

இறக்குவதுதான் இலவசம். ஆடும்போது வரும் அவசரத்தில்தான் விற்கிறார்கள். கேண்டி க்ரஷில் ஐந்து உயிர். போன உயிர் ஒவ்வொன்றும் திரும்ப 30 நிமிடம் ஆகும். காத்திரு, அல்லது காசு கொடு. வேறு சில கேம்களில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே வாங்க வேண்டும். பெல்ஜியம் 2018-இல் இந்தப் பெட்டி வியாபாரத்தைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடி பணம் ஜெயிக்கும் ஆன்லைன் கேம்களைத்தான் தடை செய்தது. உங்கள் பையன் வாங்கிய உடுப்பும் துப்பாக்கி நிறமும் அதில் வராது.

தொடுதிரையில் இது இன்னும் சுலபம் என்பதைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும். சுடும் அதே விரல், அதே கண்ணாடி, அதே தட்டல். கடைக்காரரிடம் நோட்டை நீட்டும் தயக்கம் வரவே இடமில்லை. பையனை அடிக்காதீர்கள். பிளே ஸ்டோர் செட்டிங்கில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். உங்கள் போனில் பையனின் கைரேகையும் பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள், பல வீட்டில் அதுதான் ஓட்டை. கூகுளிடம் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதனால் இன்றைக்கே கேளுங்கள். ஒருமுறை பணம் கொடுத்தால் அதோடு முடிகிற கேம்களும் இருக்கின்றன. கன்ட்ரோலர் கேள்வியில் சொன்ன ஸ்டார்ட்யூ வேலி அப்படி. ஒரு பிறந்தநாளுக்கு அப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.

நான் காசு கொடுத்து வாங்குன பழைய கேம் இப்ப போன்லயே இல்ல. யார்கிட்ட கேக்குறது?

இது எனக்கும் மனசு கனக்கும் விஷயம். 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது, 32-பிட் என்ற பழைய முறையில் எழுதப்பட்டுப் புதுப்பிக்கப்படாத கேம்கள் எல்லாம் ஐபோனில் திறக்காமலே போயின. இன்ஃபினிட்டி பிளேடு என்று ஒரு வாள்சண்டை கேம். விரலை வீசினால் வாள் வீசும், தொடுதிரைக்கென்றே யோசித்துச் செய்தது. 2018 டிசம்பரில் ஆப் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஃப்ளாப்பி பேர்டை 2014 பிப்ரவரியில் அதைச் செய்த வியட்நாம்காரரே எடுத்துவிட்டார். பப்ஜி மொபைலை 2020 செப்டம்பர் 2 அன்று நம் அரசு 118 ஆப்களில் ஒன்றாகத் தடை செய்தது. 2021-இல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்து, 2022 ஜூலையில் மறைந்து, 2023 மே மாதம் திரும்ப வந்தது. இடையில் பிள்ளைகள் கடை வாசலில் நின்ற சோகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கேசட்டில் வாங்கிய கேம் கேசட் இருக்கும்வரை ஓடும். போனில் வாங்குவது அப்படி இல்லை. உங்களிடம் ஓடிக்கொண்டிருக்கும் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் 500 ரூபாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்குப் பிடித்த கேம் அதில் இருந்தால் அப்டேட்டை நிறுத்திவிட்டு, பாதி சார்ஜில் அணைத்து, அவ்வப்போது எடுத்து ஏற்றி வையுங்கள். என் மேசை டிராயரில் அப்படி இரண்டு இருக்கின்றன.

எங்க அப்பாவுக்கு 70 வயசு. கேண்டி க்ரஷ்னா உயிரு. ஆனா அவர் விரலுக்கு டச் எடுக்கவே மாட்டேங்குது.

வியர்வைக் கேள்விக்கு நேர் எதிர். வயதான விரலில் தோல் காய்ந்து தடித்துப் போகிறது, அதனால் கண்ணாடிக்கு அது சரியாகத் தெரிவதில்லை. விவசாயம், கொத்து வேலை செய்த கைகளிலும் இதே பிரச்சினை. ஆடுவதற்கு முன் விரலில் துளி தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவித் துடைத்துவிடுங்கள், தோல் பதமாகும். தடிமனான டெம்பர் கிளாஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். செட்டிங்கில் டச் சென்சிட்டிவிட்டியைக் கூட்டும் வசதி சில போன்களில் உண்டு. விரல் நுனியால் குத்தாமல் விரலின் சதைப்பகுதியைப் படுக்க வைத்துத் தொடச் சொல்லுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் நுனியில் ரப்பர் வைத்த டச் பேனா ஒன்று வாங்கிக் கொடுங்கள். என் அப்பா அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆடினார், சிலேட்டுக் குச்சி மாதிரி.

எனக்குப் பார்வை இல்ல அண்ணே. இந்தக் கண்ணாடியில எனக்கு ஏதாவது கேம் இருக்கா?

ஒரு கல்லூரித் தம்பி கேட்டது. பழைய நோக்கியாவின் 5-ஆம் எண் புடைப்பைப் பற்றி மேலே சொன்னேன். அது போனதில் எங்களுக்கு நஷ்டம் என்றால் அவருக்கு எவ்வளவு பெரிய நஷ்டம். டாக்பேக், வாய்ஸ்ஓவர் இரண்டும் திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும். பெரும்பாலான கேம்கள் தங்கள் பட்டனுக்குப் பெயரே எழுதி வைப்பதில்லை என்பதால் அங்கே அவை ஊமையாகிவிடும்.

ஆனால் ஒலியாலேயே ஆடும் கேம்கள் இருக்கின்றன. பிரான்சில் செய்து 2015-இல் வந்த 'எ பிளைண்ட் லெஜண்ட்' அதில் ஒன்று, இலவசம். திரையில் பார்க்க எதுவும் இல்லை. ஹெட்போன் போட்டுக்கொள்ள வேண்டும். பார்வையிழந்த ஒரு வீரனை அவன் மகள் குரல் கொடுத்து வழிநடத்துவாள். குரல் இடது காதில் கேட்டால் இடது பக்கம் திரும்ப வேண்டும், எதிரி வரும் பக்கம் விரலை வீசினால் வாள் வீசும். அந்தத் தம்பிக்கு ஏற்றிக் கொடுத்தபோது பேச்செல்லாம் ஆங்கிலம், அது அவருக்குப் பிரச்சினை இல்லை. கடை ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைக் குரல் வந்த பக்கம் சாய்த்துச் சாய்த்து, முக்கால் மணி நேரம் ஆடினார். கண்ணாடியின் எந்த இடத்தைத் தொட்டாலும் அந்த கேமுக்குச் சம்மதம். அவர் விரல் ஒரு தடவைகூட எதையும் தேடவில்லை.